மடிக்கணினிப் பை: உடல்நிலைக்கு ஏற்றதைத் தேர்ந்தெடுக்கும் முறை

முன்னுரை

அலுவலகப் பணியாளர்கள், கல்லூரி மாணவர்கள், களப்பணியாளர்கள் எனப் பலரும் இன்று நாள்தோறும் மடிக்கணினியைச் சுமந்து செல்கின்றனர். தமிழ்நாட்டில் 2011-ஆம் ஆண்டு முதல் அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் மேல்நிலை மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கப்பட்டதைத் தொடர்ந்து, கிராமப்புற இல்லங்களிலும் அது பழகிய பொருளாயிற்று. ஆயினும், அதனைச் சுமக்கும் பையை வாங்கும்போது பெரும்பாலானோர் நிறம், விலை, மழைநீர் புகாத தன்மை ஆகியவற்றையே பார்க்கின்றனர். அப்பை தம் தோளிலும் முதுகிலும் எவ்வாறு அமரும் என்பதைப் பார்ப்பவர்கள் குறைவு.

உடல்நலம் உள்ள ஒருவருக்குப் பொருந்தாத பை கழுத்துவலியையோ தோள்வலியையோ தரலாம். ஆனால் டயாலிசிஸ் சிகிச்சை பெறுபவர், பேஸ்மேக்கர் பொருத்தப்பட்டவர், அறுவை சிகிச்சையிலிருந்து தேறி வருபவர் போன்றோருக்குப் பையை எந்தத் தோளில் மாட்டுவது என்பதே முக்கியமான மருத்துவ முடிவாகிவிடுகிறது. பையை அவரவர் உடல் எடை, உடல்நிலை, பயணம் ஆகிய மூன்றையும் கருதியே தேர்ந்தெடுக்க வேண்டும். அதற்கான வழிமுறைகள் இப்பக்கத்தில் விளக்கப்படுகின்றன.

சுமை உடலை எவ்வாறு பாதிக்கிறது?

இடுப்பில் தண்ணீர்க் குடம் சுமந்து வருபவரின் உடல் மறுபக்கம் சாய்ந்திருப்பதை அனைவரும் கண்டிருப்போம். ஒரு பக்கச் சுமையைச் சமன்செய்ய உடல் தானாகவே மேற்கொள்ளும் ஏற்பாடு அது. ஒற்றைத் தோளில் பை மாட்டும்போதும் இதுவே நிகழ்கிறது. பட்டை நழுவி விழாதிருக்க அத்தோள் உயர்த்தப்படுகிறது. முதுகெலும்பு எதிர்ப்பக்கம் சாய்கிறது. கழுத்திலிருந்து தோள்பட்டை வரை விரிந்துள்ள ட்ரபீசியஸ் தசை ஓய்வின்றி இறுகி நிற்கிறது. நெடுநேரம் இறுகிய தசைக்குக் குருதியோட்டம் குறைவதால் களைப்பும் வலியும் உண்டாகின்றன. சிலருக்கு இவ்வலி பின்மண்டை வரை பரவித் தலைவலியாகவும் வெளிப்படும்.

இரு தோள்களிலும் மாட்டும் முதுகுப்பையில் சுமை சமமாகப் பகிரப்படுகிறது. எனினும் பை முதுகைவிட்டு விலகித் தொங்கினால் அது உடலைப் பின்னோக்கி இழுக்கும். அதனை ஈடுசெய்ய இடுப்பும் தலையும் முன்னோக்கி வளையும். சுமைக்கும் முதுகெலும்புக்கும் இடையேயுள்ள தொலைவு இரு மடங்கானால், அச்சுமை உடலைச் சாய்க்கும் விசையும் இரு மடங்காகும். ஆகவே, ஒரே எடையுள்ள பை முதுகோடு ஒட்டியிருக்கும்போது இலகுவாகவும், தளர்ந்து தொங்கும்போது கனமாகவும் தோன்றுகிறது.

மூன்றாவது பாதிப்பு நரம்புகளைச் சார்ந்தது. கழுத்திலிருந்து கைக்குச் செல்லும் நரம்புக் கற்றை, கழுத்துப்பட்டை எலும்புக்கு அடியில் கடந்து செல்கிறது. மெல்லிய பட்டை அவ்விடத்தை நெடுநேரம் அழுத்தினால் கையில் மதமதப்பு, ஊசி குத்துவது போன்ற உணர்வு, பலக்குறைவு ஆகியவை தோன்றலாம். கனத்த முதுகுப்பையை நீண்ட தொலைவு சுமக்கும் மலையேறிகளிடமும் படைவீரர்களிடமும் இவ்வகை நரம்பு பாதிப்பு காணப்பட்டு, மருத்துவ நூல்களில் பதிவாகியுள்ளது. சிலருக்குத் தோள்பட்டை எலும்பு முதுகிலிருந்து சிறகுபோல் துருத்தி நிற்பதும் உண்டு. மடிக்கணினிப் பையால் இந்த அளவு பாதிப்பு ஏற்படுவது அரிது. ஆனால் கைமதமதப்பு என்னும் தொடக்க அறிகுறியைப் புறக்கணிக்கக் கூடாது.

முதலில் எடையை அறிக

பை வாங்கும் முன் செய்ய வேண்டிய முதல் வேலை, நாள்தோறும் சுமக்கும் பொருள்களை எடை போட்டுப் பார்ப்பதாகும். பையுடன் ஒரு முறையும், பையின்றி ஒரு முறையும் எடை பார்க்கும் கருவியில் நின்று, இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கணக்கிட்டால் போதும்.

எடுத்துக்காட்டாக, அலுவலகம் செல்லும் ஒருவரின் பையைக் கருதுவோம்:

- 15.6 அங்குல மடிக்கணினி: 1.8 கிலோ
- சார்ஜர்: 0.4 கிலோ
- வெற்றுப் பை: 0.9 கிலோ
- ஒரு லிட்டர் நீர் நிரப்பிய எவர்சில்வர் பாட்டில்: 1.3 கிலோ
- மதிய உணவுப் பெட்டி: 0.8 கிலோ
- குடை: 0.3 கிலோ
- பவர் பேங்க், மவுஸ், நாட்குறிப்பு முதலியன: 0.6 கிலோ

இவற்றின் கூடுதல் 6.1 கிலோ. இதில் மடிக்கணினியின் பங்கு மூன்றில் ஒன்றுக்கும் குறைவே என்பதைக் கவனிக்கவும். "மடிக்கணினி கனமாக இருக்கிறது" என்று கூறுவோரில் பலர் உண்மையில் நீரையும் உணவையும் பையின் சொந்த எடையையும் சுமக்கின்றனர். அலுவலகத்தில் குடிநீர் கிடைக்குமாயின் பாட்டிலை வெறுமையாகக் கொண்டு சென்று அங்கு நிரப்பிக்கொள்வதால் மட்டும் ஒரு கிலோ குறையும்.

முதுகுப்பையின் மொத்த எடை உடல் எடையில் 10 விழுக்காட்டுக்குள் இருப்பது நலம் என்பது பொதுவான வழிகாட்டுதல். 60 கிலோ எடையுள்ளவருக்கு இது 6 கிலோ; 48 கிலோ எடையுள்ளவருக்கு 4.8 கிலோ. மேற்கண்ட பையை முதலாமவர் ஓரளவு சுமக்கலாம். இரண்டாமவருக்கு அது மிகையான சுமை. ஒற்றைத் தோளில் மாட்டும் பையாயின் இவ்வளவில் பாதியைக் கடவாதிருப்பது நல்லது. இந்த எண் ஒரு வழிகாட்டி மட்டுமே. முதியோர், மெலிந்தோர், நோயிலிருந்து தேறுவோர் ஆகியோருக்கு இதனினும் குறைந்த எடையே ஏற்றது.

மாணவர்களுக்கு: ஒன்றிய அரசின் கல்வி அமைச்சகம் 2020-ஆம் ஆண்டு வெளியிட்ட பள்ளிப் பைக் கொள்கையும், பையின் எடை மாணவரின் உடல் எடையில் 10 விழுக்காட்டை மிகக் கூடாது என்றே வரையறுக்கிறது. 11, 12-ஆம் வகுப்பு மாணவர்களுக்கு 3.5 முதல் 5 கிலோ வரை என்பது அக்கொள்கையிலுள்ள அளவு. மடிக்கணினியும் சார்ஜரும் மட்டுமே 2 கிலோவுக்கு மேல் இருப்பதால், மடிக்கணினி கொண்டு செல்லும் நாளில் மற்ற புத்தகங்களைக் குறைப்பது இன்றியமையாதது.

பைகளின் வகைகளும் அவற்றின் தன்மைகளும்

முதுகுப்பை: இரு தோள்களிலும் மாட்டத்தக்கது. பேருந்து, இரயில் பயணம் செய்வோருக்கும், பத்து நிமிடத்திற்கு மேல் நடப்போருக்கும் பெரும்பாலும் இதுவே பொருத்தமானது. இரு கைகளும் விடுபட்டிருப்பதால் படியேறும்போது கைப்பிடியைப் பற்றிக்கொள்ள இயலும். இதனை ஒரே தோளில் மாட்டிச் செல்வது இதன் பயனையே கெடுத்துவிடும்.

குறுக்குப்பட்டைப் பை: ஒரு தோளிலிருந்து மார்பின் குறுக்காகச் சென்று எதிர்ப்பக்க இடுப்பில் அமர்வது. குறைந்த எடைக்கும் குறுகிய தொலைவுக்கும் ஏற்றது. நீளப் பட்டையால் பை தொடையில் மோதுமாறு தொங்கவிடக் கூடாது. இடுப்பு அளவில் அமரச் செய்ய வேண்டும். தோளை அவ்வப்போது மாற்றிக்கொள்வது அவசியம்.

கைப்பை: கைப்பிடியைப் பற்றித் தூக்கிச் செல்வது. விரல்கள் நெடுநேரம் இறுகப் பற்றுவதால் மணிக்கட்டு, முழங்கை ஆகியவற்றில் வலி ஏற்படலாம். மணிக்கட்டு நரம்பு அழுத்த நோய், விரல் மூட்டு அழற்சி உள்ளவர்கள் இதைத் தவிர்க்கவும். வாகனத்திலிருந்து மேசைக்குக் கொண்டு செல்லும் அளவுக்கு மட்டுமே இது ஏற்றது.

சக்கரப் பை: தோளுக்குச் சுமை இல்லை. தரை சமமாகவும் மின்தூக்கி வசதியும் உள்ள இடங்களில் மிகவும் பயன்படும். ஆனால் பையின் சொந்த எடையே 2 முதல் 3 கிலோ வரை இருக்கும். பேருந்துப் படியிலும் இரயில் நிலைய மேம்பாலத்திலும் அதனைத் தூக்க நேரிடும்போது முதுகுக்கு அதிகச் சிரமம் உண்டாகும். தம் அன்றாடப் பாதையில் எத்தனை படிகள் உள்ளன என எண்ணிப் பார்த்த பின்னரே இதை வாங்க வேண்டும்.

உறை: மடிக்கணினியைக் கீறல்களிலிருந்து காக்கும் மெல்லிய உறை, தனியான பை ஆகாது. ஏற்கெனவே நல்ல முதுகுப்பை வைத்திருப்பவர் புதிய பை வாங்காமல் உறை ஒன்றை மட்டும் வாங்கிக்கொள்ளலாம்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

1. அளவு: மடிக்கணினியின் அங்குல அளவு என்பது திரையின் மூலைக்கு மூலை அளவாகும். 15.6 அங்குலத் திரையுள்ள கணினி ஏறத்தாழ 36 செ.மீ. நீளமும் 25 செ.மீ. அகலமும் இருக்கும். கணினியின் உண்மையான நீள அகலத்தை அளந்து, பையின் உள்ளறையுடன் ஒப்பிடுக. தேவைக்கு மேற்பட்ட பெரிய பையை வாங்க வேண்டாம். இடம் இருந்தால் பொருள்கள் தாமாகவே சேர்ந்துவிடும்.

2. தோள்பட்டை: தோளில் அமரும் இடத்தில் 5 செ.மீ. அகலமேனும் இருக்க வேண்டும். உள்ளே மென்திணிப்பு இருத்தல் நலம். கழுத்தின் ஓரத்தை அழுத்தாமல் தோளின் நடுவில் அமர வேண்டும். நீளத்தைக் கூட்டவும் குறைக்கவும் வசதி தேவை.

3. மடிக்கணினி அறை: முதுகை ஒட்டியிருக்கும் பின்புற அறையே கணினிக்கு உரியது. கனமான பொருள் முதுகெலும்புக்கு அருகில் இருக்க வேண்டும். அறையின் அடிப்பகுதி பையின் அடியைத் தொடாமல் சற்று உயர்ந்திருந்தால், பையைத் தரையில் வைக்கும்போது கணினிக்கு அதிர்ச்சி ஏற்படாது.

4. முதுகுப்புறம்: திணிப்பும் காற்றோட்டத்திற்கான இடைவெளியும் தேவை. நம் வெப்பச் சூழலில் வியர்வை தங்கும் முதுகில் வேர்க்குருவும் பூஞ்சைத் தொற்றும் எளிதில் உண்டாகின்றன.

5. மார்புப்பட்டி: இரு பட்டைகளையும் மார்பின் முன் இணைக்கும் சிறு பட்டி. பட்டைகள் நழுவாமல் காக்கிறது. தோள் ஒடுங்கியவர்களுக்கும் மெலிந்தோருக்கும் மிகவும் உதவும்.

6. இடுப்புப்பட்டி: 6 கிலோவுக்கு மேற்பட்ட சுமைக்கு உதவும். மிக இறுக்கினால் தொடையின் வெளிப்புறத்தில் எரிச்சலும் மதமதப்பும் ஏற்படலாம். அங்குள்ள தோல் நரம்பு அழுத்தப்படுவதே அதற்குக் காரணம்.

7. வெற்றுப் பையின் எடை: ஒரு கிலோவுக்குள் இருப்பது நல்லது. தோல் பைகளும் கடின ஓடு கொண்ட பைகளும் பெரும்பாலும் இதனை மிகும்.

8. ஒளி எதிரொலிக்கும் பட்டை: இரவில் நடப்போருக்கும் இருசக்கர வாகனத்தில் செல்வோருக்கும் பாதுகாப்பு அளிக்கும்.

கடையில் வெற்றுப் பையை மாட்டிப் பார்ப்பது போதாது. தம் மடிக்கணினியையும் சார்ஜரையும் எடுத்துச் சென்று, அவற்றை உள்ளே வைத்து மாட்டி, ஐந்து நிமிடம் நடந்து பார்த்து வாங்கவும். இணையவழியில் வாங்குவோர் திருப்பி அனுப்பும் காலம் முடிவதற்குள் வீட்டில் இவ்வாறு சோதிக்கலாம்.

சரியாக அணியும் முறை

- பையைத் தரையிலிருந்து ஒரே வீச்சில் தூக்கித் தோளில் போடக் கூடாது. மேசை அல்லது நாற்காலியின் மீது வைத்து, ஒரு கையை நுழைத்து, பின்னர் மறு கையை நுழைத்து எழவும்.
- தரையிலிருந்து எடுக்க நேரின், முழங்காலை மடக்கிக் குனிந்து, பையை உடலோடு சேர்த்து எழவும். இடுப்பை முறுக்கியவாறு தூக்க வேண்டாம்.
- இரு பட்டைகளையும் சம நீளமாக இறுக்கவும். பையின் அடிப்பகுதி இடுப்புக்குக் கீழே 10 செ.மீ.க்கு மேல் தொங்கக் கூடாது.
- பேருந்திலும் இரயிலிலும் அமர்ந்ததும் பையைக் கழற்றி மடியில் வைக்கவும். நிற்கும்போது இரு கால்களுக்கு இடையில் வைக்கலாம்.
- கூட்டத்தில் பையை முன்புறம் மாட்டுவோர், படிகள் கண்ணுக்கு மறைவதைக் கவனத்தில் கொள்ளவும். இறங்கும்போது பையைப் பக்கவாட்டில் ஒதுக்கிப் படியைப் பார்த்து இறங்குக.
- இருசக்கர வாகனத்தில் பையைக் கைப்பிடியில் தொங்கவிட வேண்டாம். வாகனத்தைத் திருப்புவதற்கு அது தடையாகும். தளர்ந்த பட்டை முனைகள் சக்கரத்திலோ சங்கிலியிலோ சிக்காதவாறு கட்டி வைக்கவும்.

நோயாளிகள் கவனிக்க வேண்டியவை

டயாலிசிஸ் சிகிச்சை பெறுவோர்: கையில் ஃபிஸ்டுலா அமைக்கப்பட்டிருப்பின், அக்கையில் பையைத் தொங்கவிடுதல், முழங்கை மடிப்பில் பட்டையை மாட்டுதல், அப்பக்கத் தோளில் இறுகிய பட்டை அணிதல் ஆகிய அனைத்தையும் தவிர்க்க வேண்டும். அழுத்தத்தால் குருதியோட்டம் தடைப்பட்டால் ஃபிஸ்டுலா அடைபட்டுவிடக்கூடும். பின்னர் டயாலிசிஸ் செய்வதற்கே வேறு வழி தேட நேரிடும். பயணம் முடிந்ததும் ஃபிஸ்டுலாவின் மேல் விரல் வைத்து அதிர்வு உள்ளதா எனப் பார்க்கவும். அதிர்வு இல்லையெனில் காத்திருக்காமல் உடனே டயாலிசிஸ் மையத்தை அணுகவும்.

பேஸ்மேக்கர் பொருத்தப்பட்டோர்: கருவி பொதுவாகக் கழுத்துப்பட்டை எலும்புக்குக் கீழே தோலுக்கடியில் வைக்கப்படுகிறது. பையின் பட்டை அதன் மேல் உரசுவதும் அழுத்துவதும் கூடாது. கருவி பொருத்திய முதல் சில வாரங்களுக்கு அப்பக்கக் கையால் எடை தூக்குவது குறித்து இதயநோய் மருத்துவரின் அறிவுரைப்படி நடக்கவும். சில பைகளின் மூடியில் காந்தப் பொத்தான்கள் உள்ளன. அவை கருவியிலிருந்து 15 செ.மீ. தொலைவிலேனும் இருக்க வேண்டும். மார்பின் மேல் அமரும் காந்தப் பொத்தான் உடைய பைகளை இவர்கள் வாங்காதிருப்பதே நல்லது.

புற்றுநோய் சிகிச்சை பெறுவோர்: மருந்து செலுத்துவதற்காக மார்பில் போர்ட் பொருத்தப்பட்டிருந்தால், பட்டை அதன் மேல் படக் கூடாது. மார்பகப் புற்றுநோய்க்காக அக்குள் நிணநீர் முடிச்சுகள் அகற்றப்பட்டவர்கள், அப்பக்கத் தோளில் கனத்த பையை மாட்டுவதைத் தவிர்க்கவும். கையில் வீக்கம், கனம், மோதிரமோ வளையலோ இறுகுதல் ஆகியவை தோன்றினால் மருத்துவரிடம் தெரிவிக்கவும்.

நீரிழிவு நோயாளிகள்: நரம்பு பாதிப்பு உள்ளவர்களுக்குப் பட்டை அழுத்துவதும் தோல் உரிவதும் உணர்வில் படாமல் போகலாம். பையைக் கழற்றியதும் தோளைப் பார்க்கவும். நீரிழிவு உள்ளோரிடம் உறைந்த தோள்பட்டை என்னும் மூட்டு இறுக்கம் மிகுதியாகக் காணப்படுவதால், கையைப் பின்னே வளைத்துப் பட்டையை மாட்டுவது கடினமாயின் குறுக்குப்பட்டைப் பையையோ சக்கரப் பையையோ கருதலாம். இன்சுலினை மடிக்கணினி அறையில் வைக்க வேண்டாம். முழுமையாக அணைக்கப்படாத கணினி பைக்குள் வெப்பத்தை வெளியிடும். பெரும்பாலான இன்சுலின் வகைகளைப் பயன்பாட்டின்போது 30 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட வெப்பத்தில் வைக்கக் கூடாது. தனி வெளியறையில் காப்புறையுடன் வைக்கவும்.

எலும்பு மெலிவு நோய் உள்ளோர்: முன்குனிந்து இடுப்பை முறுக்கியவாறு எடை தூக்குவது முதுகெலும்பு முறிவுக்கு வழிவகுக்கலாம். பையை எப்போதும் மேசை உயரத்திலேயே வைத்து எடுக்கவும். பேருந்தின் மேல் தட்டில் பையை ஏற்ற இறக்கப் பிறர் உதவியைக் கேட்கத் தயங்க வேண்டாம்.

கர்ப்பிணிகளும் அண்மையில் மகப்பேறு அடைந்தோரும்: கர்ப்பத்தில் உடலின் சமநிலை முன்னோக்கி மாறுகிறது, மூட்டுப் பிணைப்புகள் தளர்கின்றன. சுமையைக் குறைத்து, இரு பட்டை உள்ள பையைப் பயன்படுத்தவும். இடுப்புப்பட்டி வயிற்றை அழுத்தக் கூடாது. சிசேரியனுக்குப் பின் முதல் ஆறு வாரங்கள் குழந்தையின் எடைக்கு மேற்பட்ட எதையும் தூக்காதிருப்பது பொதுவான அறிவுரை.

வயிற்று அறுவை சிகிச்சை, குடலிறக்க அறுவை சிகிச்சை செய்துகொண்டோர்: எப்போது, எவ்வளவு எடை தூக்கலாம் என்பதை மருத்துவமனையிலிருந்து வெளியேறும் நாளிலேயே கேட்டு எழுதி வாங்கவும். "மடிக்கணினிப் பை ஐந்து கிலோ இருக்கும்; எப்போது தூக்கலாம்?" என எண்ணைக் குறிப்பிட்டுக் கேட்டால் தெளிவான விடை கிடைக்கும்.

ஊன்றுகோல், சக்கர நாற்காலி பயன்படுத்துவோர்: ஊன்றுகோல் பயன்படுத்துவோர் கைப்பையையும் நழுவும் தோள்பையையும் தவிர்த்து, மார்புப்பட்டி உள்ள முதுகுப்பையை அணியவும். சக்கர நாற்காலியின் பின்புறக் கைப்பிடியில் கனத்த பையை மாட்டினால், சரிவுப்பாதையில் ஏறும்போதோ பயனர் எழுந்திருக்கும்போதோ நாற்காலி பின்னோக்கிக் கவிழக்கூடும். இருக்கைக்கு அடியில் அமரும் பையே பாதுகாப்பானது.

பராமரிப்பாளர்களுக்கு

நோயாளியுடன் மருத்துவமனைக்கு வருபவர், பணியை இடையில் தொடர வேண்டி மடிக்கணினியையும், அதனுடன் ஸ்கேன் படங்கள், மருந்துகள், வெந்நீர்க் குடுவை, மாற்றுடை ஆகியவற்றையும் ஒரே பையில் அடைத்து வருவது வழக்கம். அப்பையுடனேயே நோயாளியைத் தாங்கிப் பிடிக்கவும் நேரிடுகிறது. இது இருவருக்கும் ஆபத்தானது. நோயாளியைப் படுக்கையிலிருந்து எழுப்பும் முன்னும், சக்கர நாற்காலிக்கு மாற்றும் முன்னும் பையைக் கழற்றிக் கீழே வைக்கவும். குனியும்போது நழுவி முன்னே வரும் தோள்பை, நோயாளியின் மீது மோதலாம். அவருடைய குழாய்களில் சிக்கலாம். மருத்துவ ஆவணங்களுக்கெனத் தனியாக ஓர் இலேசான துணிப்பை வைத்துக்கொண்டால், தேவைப்படும்போது உடனே எடுக்கலாம். மடிக்கணினிப் பையை வீட்டிலேயே விட்டுவரவும் முடியும்.

மின்கலப் பாதுகாப்பு

மடிக்கணினியிலும் பவர் பேங்கிலும் லித்தியம் அயனி மின்கலங்கள் உள்ளன. பைக்குள் வைக்கும் முன் கணினியை முழுமையாக அணைக்கவும். உப்பிய மின்கலமுள்ள கணினியைப் பையில் சுமக்காமல் பழுதுபார்க்கும் இடத்தில் காட்டவும். விமானப் பயணத்தில் பவர் பேங்கைக் கைப்பையில் மட்டுமே கொண்டு செல்ல வேண்டும். சரக்காக ஏற்றும் பெட்டியில் வைக்க அனுமதியில்லை.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கனத்த பை சுமப்பதால் முதுகெலும்பு நிரந்தரமாக வளைந்துவிடுமா?
பை சுமப்பதால் பக்கவாட்டு முதுகெலும்பு வளைவு நோய் உண்டாவதாகச் சான்று இல்லை. சுமக்கும் நேரத்தில் ஏற்படும் சாய்வு, பையைக் கழற்றியதும் நீங்கும். எனினும் பிள்ளைகளின் ஒரு தோள் எப்போதும் உயர்ந்து காணப்பட்டால் பையின் மீது பழி போட்டு விட்டுவிடாமல் மருத்துவரிடம் காட்டவும்.

பையை மாற்றினால் முதுகுவலி தீர்ந்துவிடுமா?
வலிக்குப் பை மட்டுமே காரணமாக இருப்பது அரிது. நெடுநேரம் குனிந்து அமர்தல், உடற்பயிற்சியின்மை, உறக்கக் குறைவு, மன அழுத்தம் ஆகியவையும் சேர்ந்தே வலியை உண்டாக்குகின்றன. பையை மாற்றுவதுடன், அரை மணிக்கு ஒரு முறை எழுந்து நடப்பதும் தேவை.

வலி உள்ளபோது முழு ஓய்வு எடுக்க வேண்டுமா?
சாதாரண முதுகுவலிக்கு நாள்கணக்கில் படுத்திருப்பது பயன் தராது. சுமையைக் குறைத்து, இயன்ற அளவு வழக்கமான வேலைகளைத் தொடர்வதே விரைவில் தேற உதவும்.

இடுப்புவலி வராமல் தடுக்க இடுப்பு பெல்ட் அணியலாமா?
வலி வராமல் தடுப்பதற்கென அணிவதால் பயன் விளைவதாக நிறுவப்படவில்லை. மருத்துவர் பரிந்துரைத்தால் மட்டும் அணியவும்.

மருத்துவரை எப்போது அணுக வேண்டும்?

பின்வருவனவற்றுள் ஏதேனும் இருப்பின் ஆரம்ப சுகாதார நிலையத்தையோ அரசு மருத்துவமனையையோ அணுகவும்:

- பையின் எடையைக் குறைத்த பின்னரும் இரு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் கழுத்து, தோள், முதுகு வலி
- கையில் தொடரும் மதமதப்பு, பலக்குறைவு, பொருள்கள் கைநழுவுதல்
- இரவில் உறக்கத்தைக் கெடுக்கும் வலி. வலியுடன் காய்ச்சல் அல்லது உடல் எடை குறைதல்
- கீழே விழுந்த பின் தோன்றிய முதுகுவலி

உடனடி மருத்துவ உதவி தேவைப்படும் அறிகுறிகள்:

- இடது தோள், கை, தாடை ஆகியவற்றில் வலியுடன் மார்பில் இறுக்கம், வியர்வை, மூச்சுத்திணறல். இதனைப் "பை சுமந்த வலி" எனக் கருதி வீட்டில் காத்திருக்கக் கூடாது; இது மாரடைப்பாக இருக்கலாம்.
- முதுகுவலியுடன் சிறுநீர், மலம் கழிப்பதில் கட்டுப்பாடு இழத்தல், தொடை இடுக்கில் உணர்விழப்பு, கால்கள் தளர்தல்

இந்நிலைகளில் 108 அவசர ஊர்தியை அழைக்கவும்.

நினைவில் கொள்க

- முதலில் பையை எடை போடுக; உடல் எடையில் 10 விழுக்காட்டுக்குள் வைத்திடுக.
- அகலமான இரு பட்டைகள் உள்ள, முதுகோடு ஒட்டும், இலேசான பையைத் தேர்ந்தெடுக்கவும்.
- ஃபிஸ்டுலா, பேஸ்மேக்கர், போர்ட், அறுவை சிகிச்சைத் தழும்பு ஆகியவை உள்ள பக்கத்தில் சுமை வேண்டாம்.
- வாரம் ஒரு முறை பையைக் கொட்டிப் பார்த்துத் தேவையற்றவற்றை நீக்கவும்.

இப்பக்கத்திலுள்ள செய்திகள் பொது விழிப்புணர்வுக்கானவை. இவை மருத்துவரின் நேரடி ஆலோசனைக்கு மாற்றாகா. தங்கள் உடல்நிலைக்கேற்ற அறிவுரையைச் சிகிச்சை அளிக்கும் மருத்துவரிடம் கேட்டுப் பெறவும்.